நாலு விரல், நாலு சீசா

சூசைநாதன் சைகோனிலிருந்து வில்லியனூருக்குத் திரும்பியபோது ஒரு தகரப் பெட்டி, ஒரு தொப்பி, ஒரு பொய் ஆகிய மூன்றையும் கொண்டுவந்தார். பெட்டி துருப்பிடித்துப் போனது. தொப்பியை ஆடு தின்றுவிட்டது. பொய்க்கு மட்டும் நல்ல தீனி கிடைத்து அது வளர்ந்துகொண்டே போனது.

சைகோன் பீர் ஆலையில் பீர் காய்ச்சியவர் என்பது அந்தப் பொய். ஆலையில் இருந்தது உண்மை. அவர் கைபடாமல் ஒரு சீசாகூட அங்கிருந்து வெளியே போனதில்லை என்பதும் சத்தியம். என்ன, பீர் உள்ளே போவதற்கு முன்னால் பட்ட கை அது. முழங்கால் வரை ஈரத்தில் நின்றுகொண்டு, திரும்பி வந்த காலி சீசாக்களைக் கழுவிக் கவிழ்த்ததுதான் அவருடைய சைகோன் வாழ்க்கை. நாலு விரலை நாலு சீசாவின் வாயில் விட்டு, கொத்தாகத் தூக்கிப் போவார்கள் அங்கே. கட்டைவிரலுக்கு மட்டும்தான் ஓய்வு. இதையெல்லாம் வில்லியனூர் சந்தையில் சொன்னால் யார் உட்காரவைத்துக் காப்பி வாங்கித் தருவார்கள்?

மகள் அமலோற்பவத்துக்குப் பாகூரிலிருந்து சம்பந்தம் வரும்வரை இந்தப் பொய்யால் யாருக்கும் கெடுதல் இல்லை.

மாப்பிள்ளையின் அப்பா ஞானாதிக்கம். அவரும் சைகோன் போய் வந்தவர்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சர்ழான், அதாவது சார்ஜண்டாக இருந்தவர் என்று பாகூரே சொல்லியது. அவருடைய மீசையும் அதையே சொல்லியது. பெண்ணைப் பார்த்தார், பிடித்துவிட்டது. பையனும் பெண்ணும் மாதா கோயில் தேரன்றே ஒருவரையொருவர் பார்த்து முடித்திருந்தார்கள். இனிப் பெண் வீட்டில் கை நனைக்க வேண்டியதுதான் பாக்கி. அங்கே வாயில் எதையாவது போட்டுக்கொண்டால் சம்பந்தம் முடிந்தது; தொடாமல் எழுந்தால் முறிந்தது.

"சோத்துல கை நனைக்கிறது எல்லாரும் பண்றதுதான்பா," என்றார் ஞானாதிக்கம். "நீ பீர் காய்ச்சின ஆளு. அறுப்பு முடிஞ்சதும் வரேன். உன் பீர குடிச்சி கை நனைக்கிறேன். சைகோன வுட்டு வந்ததுலேர்ந்து நாக்கு செத்துப்பூடுச்சி."

"அதுக்கின்னா, ஜமாய்ச்சிடலாம்!" என்று சூசைநாதனின் வாய் சொன்னது. அந்த வாய் என்றைக்கும் அவரைக் கேட்டுக்கொண்டு பேசியதில்லை.

அவர் மனைவி காசம்மாளுக்கு மட்டும் உண்மை தெரியும். கல்யாணமான புதிதில் ஒரு பலவீனமான நேரத்தில் அவளிடம் உளறிவிட்டிருந்தார்.

"முசே தொர பீர் காய்ச்சப் போறாரா?" என்றாள். "எம் பொண்ணு வாழ்க்கைய இல்ல அடுப்புல ஏத்தற நீ?"

அமலோற்பவம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேழ்வரகை எடுத்து ஊறவைத்தாள். அதுதான் அவருக்கு முள்ளாகக் குத்தியது.

முதலில் சீசா வேண்டும். புதுச்சேரியில் வெள்ளைக்காரன் குடித்துப் போட்ட சீசாக்களெல்லாம் எப்படியோ வில்லியனூருக்கு வந்து மறுஜென்மம் எடுத்திருந்தன. ஒன்றில் மண்ணெண்ணெய், ஒன்றில் நல்லெண்ணெய், ஒன்றில் மாட்டுக்குப் புகட்டும் கசாயம். பக்கத்து வீட்டுத் தையலம்மாளின் சீசாவில் மாதா குளத்துத் தண்ணீர்.

"சாமித் தண்ணிய கொட்டிட்டு சாராயமா ஊத்துவ? போய்யா!" என்று அவள் கதவைச் சாத்தினாள்.

ஒருவழியாகக் கிடைத்ததையெல்லாம் கிணற்றடிக்குக் கொண்டுவந்தார் சூசைநாதன். அங்கே அவர் வேறு ஆளாகிவிட்டார். சாம்பல் கரைத்த வெந்நீரில் சீசாக்களை ஊறப்போட்டார். ஒவ்வொன்றிலும் ஒரு பிடி நொய்யும் கொஞ்சம் தண்ணீரும் விட்டு, உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுக்கினார்.

"கஞ்சிக்கு வெச்ச நொய்ய சீசாவுக்குப் போடறியே!" என்று கத்தினாள் காசம்மாள்.

அவர் காதில் விழவில்லை. கழுவினார், முகர்ந்தார், முகம் சுளித்தார், மறுபடி கழுவினார். கடைசியில் கிணற்றடியில் கவிழ்ந்திருந்த சீசாக்களில் வெயில் பட்டுக் கண் கூசியது. அவற்றில் பீர் ஊற்றாமலே கொடுத்திருந்தால் சம்பந்தம் சுபமாக முடிந்திருக்கும்.

பீர் காய்ச்சியது வேறு கதை. முளைவிட்ட கேழ்வரகை வறுத்து இடித்து, வெல்லத்தோடு கொதிக்கவைத்து, ஆறியபின் புளிப்பதற்காகக் கள்ளுமண்டி விட்டார். கசப்புக்கு ஆலையில் ஏதோ பூ போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். அது கிடைக்காததால் நிலவேம்பு போட்டார். கல்யாணக் காரியம் என்பதால் தாராளமாகவே போட்டார்.

காசம்மாள் ஒரு சொட்டு நக்கிப் பார்த்தாள். "சொரத்துக்குக் கேக்கும்," என்றாள்.

அறுப்பு முடிந்தது. ஞானாதிக்கம் உறவுக்காரர்களோடு வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். கூடத்தில் பாய் விரித்து உட்காரவைத்தார்கள். முதல் சீசாவின் தக்கையை இழுத்ததும் அது உத்தரத்தில் மோதியது. பீர் முழுதும் நுரையாகப் பொங்கி ஞானாதிக்கத்தின் தலைப்பாகையில் இறங்கியது. அடுத்த மூன்றில் நுரை பேருக்குக்கூட இல்லை. அவற்றை லோட்டாக்களில் ஊற்றி எல்லோருக்கும் கொடுத்தார் சூசைநாதன்.

ஞானாதிக்கம் லோட்டாவை மூக்கருகே கொண்டுபோனார். மீசை ஒரு தரம் துடித்தது. உதட்டில் படாமல் லோட்டாவைக் கீழே வைத்துவிட்டார். அவர் குடிக்கட்டும் என்று உறவுக்காரர்களும் வைத்துவிட்டார்கள். கதவுக்குப் பின்னால் அமலோற்பவத்தின் வளையல் சத்தம் நின்றுபோனது.

"மூஞ்சி கழுவிக்கினு வரேன்," என்று எழுந்தார் ஞானாதிக்கம்.

எழுந்தவர், எதிரே கிடந்த காலி சீசாக்களைப் பார்த்தார். யோசிக்காமல் குனிந்தார். நாலு விரலை நாலு வாயில் விட்டு, ஒரே கையில் கொத்தாகத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் நடந்தார்.

சூசைநாதன் அந்தக் கையையே பார்த்தார். சர்ழான்கள் சீசாவை அப்படித் தூக்குவதில்லை. உலகத்தில் ஒரே ஒரு சாதிக்காரன்தான் அப்படித் தூக்குவான்.

பின்னாலேயே ஓடினார். கிணற்றடியில் ஞானாதிக்கம் ஒரு சீசாவின் வாய்விளிம்பில் கட்டைவிரலை ஓட்டி, வெயிலுக்கு எதிரே தூக்கி, அடிமூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுத்தமா இக்கிது," என்றார் திரும்பாமல். "நொய்யா?"

"நொய்தான். மணலு போட்டா கீறல் வுழும்."

"கீறல் வுழுந்தா மேஸ்திரி பெரம்ப எடுப்பான்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது ஞானாதிக்கத்துக்கே உறைத்தது. திரும்பினார். இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாகூர்ல யாருக்கும் தெரியாதுப்பா," என்றார் ஞானாதிக்கம், மீசைக்குச் சற்றும் பொருந்தாத குரலில்.

"எது?" என்று கேட்டார் சூசைநாதன். "எனக்கே ஒண்ணும் தெரியாதே."

ஞானாதிக்கம் சீசாக்களை அலசிக் கவிழ்த்தார். முகம் கழுவினார். கூடத்துக்குள் போய் உட்கார்ந்து லோட்டாவை எடுத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரே மூச்சில், அடிமண்டி வரைக்கும் குடித்தார். நிலவேம்பு இறங்கிய வழியெல்லாம் அவர் முகத்தில் தெரிந்தது.

"அசல் சைகோன் பீர்!" என்றார், கண்ணில் தண்ணீரோடு.

கதவுக்குப் பின்னால் வளையல் மறுபடி சத்தமிட்டது. உறவுக்காரர்கள் வேறு வழியில்லாமல் லோட்டாவைத் தூக்கினார்கள். காசம்மாள் அவசரமாக இலை போட ஓடினாள்.

ஞானாதிக்கம் சூசைநாதனின் காதருகே குனிந்தார். "சம்பந்தி, கண்ணாலத்துக்கு மட்டும் கள்ளு எறக்கிடுவோம். சீசா நாம ரெண்டு பேரும் கழுவிக்கலாம்."

"ஆவட்டும், சர்ழான்!" என்றார் சூசைநாதன், கூடம் முழுக்கக் கேட்கும்படி.