ச்சா வரல்ல

சகுந்தலா டீச்சரை பெங்களூர் ரயில் கொண்டுபோவதற்குள் நாகரத்தினத்துக்கு ஒரு 'சா' வேண்டியிருந்தது. ரி வந்தது, க வந்தது, பவும் தவும் கூப்பிடாமலே வந்தன. சா மட்டும் வரவில்லை.

புது மௌத் ஆர்கன். தொழிற்சாலையிலிருந்து நேராகக் கல்கத்தாவில் டாக்குரியாவிலிருந்த அவர் வீட்டுக்கு அன்று காலைதான் வந்திருந்தது. ஒவ்வொன்றையும் ஆள் வைத்து ஊதிப் பார்த்தே அனுப்புகிறோம் என்று பெட்டிக்குள் ஒரு சீட்டு. ஊதிப் பார்த்த ஆளுக்கு அன்றைக்கு ஜலதோஷமாக இருந்திருக்க வேண்டும். நடு சாவுக்குரிய துளையில் ஊதினால், பஞ்சரான டியூபிலிருந்து வருவதுபோல் வெறும் காற்று வந்தது. சா இல்லாமல் மோகனம் வாசிப்பது தலையில்லாதவனுக்குத் தலைப்பாகை கட்டுகிற வேலை.

நாகரத்தினம் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகி ரொம்ப வருஷமாயிற்று. சகுந்தலா டீச்சர் பாலிகஞ்சில் கணக்குப் பாடம் எடுத்து ஓய்ந்தவர், அவரும் தனி. காலையில் இருவரும் சேர்ந்து ஏரியைச் சுற்றுவார்கள். மௌத் ஆர்கனில் தான் பெரிய ஆள் என்று ஒரு நாள் நடையில் நாகரத்தினம் சொல்லிவிட்டார். உண்மைதான். ஆனால் வாசித்துக் காட்ட வழியில்லை. பழைய மௌத் ஆர்கனை அந்த ஏரியிலேயே ஒரு கட்லா மீன் விழுங்கியிருந்தது. கை நழுவியது, மீன் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது, அவ்வளவுதான். அந்த மீன் இன்றும் சௌக்கியமாக இருக்கிறது. மழைக்கு முந்தின நாள் மோகனத்தில் மூச்சு விடும். தூண்டிலில் மாட்டினால்கூட மரியாதை கருதித் திரும்ப விட்டுவிடுகிறார்கள்.

இப்போது டீச்சரின் மகன் கிரிதர் அம்மாவை பெங்களூருக்கே அழைத்துப்போக வந்துவிட்டான். போனால் திரும்புகிற போக்கு இல்லை. போகாதீர்கள் என்று சொல்ல நாகரத்தினத்துக்கு வாய் வரவில்லை. டீச்சர்தான் சொன்னார்: “கிளம்பறதுக்கு முன்னாடி அந்த மோகனத்தை ஒரு தடவை வாசிச்சுடுங்க சார். கேட்டுட்டு யோசிக்கறேன்.” எதை யோசிப்பது என்று சொல்லவில்லை. நாகரத்தினத்துக்கு அதற்கப்புறம் வேறு யோசனையே இல்லாமல் போயிற்று.

மூக்குக்கண்ணாடிக்கு வைத்திருந்த திருப்புளியால் மூடியைக் கழற்றினார். உள்ளே பித்தளை நாக்குகள் வரிசையாகப் படுத்திருந்தன. சாவின் நாக்கைப் பல் குத்தும் குச்சியால் மெல்ல நிமிர்த்தினார், காற்று கூடியது. அமுக்கினார், காற்றும் நின்றது. மறுபடி நிமிர்த்தி மூடியபோது பழைய காற்றே வந்தது, ஒரு திருகாணியும் மிஞ்சியது. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பவானிபூரில் ஆர்மோனியம் பழுது பார்க்கும் ஹாபுதாவிடம் ஓடினார்.

அங்கேதான் வந்தது வினை. நாகரத்தினத்துக்கு நாகர்கோவில் பக்கம். அவர் வம்சத்தில் ஒருவரும் சாவை மெலிதாகச் சொன்னதில்லை. 'ச்சா' என்று அழுத்தித்தான் சொல்வார்கள். வங்காளத்தில் அது தேநீர். அவர் வீட்டிலோ தேநீருக்குச் சாயா என்று பெயர், அதனால் இத்தனை வருஷமாகியும் சந்தேகமே வரவில்லை.

“ச்சா ஆஸ்சே நா,” என்றார், சா வரவில்லை என்று நினைத்துக்கொண்டு.

ஹாபுதா எதிர்க்கடையைப் பார்த்துக் கையைக் காட்டினார். மண் குவளையில் தேநீர் வந்தது. மரியாதைக்குக் குடித்துவிட்டு மறுபடி சொன்னார். மறுபடி வந்தது. சா கீழே இறங்கிக் கிடக்கிறது என்று வங்காளத்தில் விளக்கினார். ஹாபுதா பெஞ்சுக்கு அடியில் குனிந்து தேடினார். குரல் உயர உயரத் தேநீர் பெருகியது. கடைசியில் டீக்கடைக்காரரே பெரிய கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். மதராஸி பாபுவுக்கு அடங்காத் தாக நோய் என்று சந்து முழுக்கப் பேச்சு. ஒருவர் நல்ல டாக்டர் பெயரும் சொன்னார்.

நாகரத்தினம் மணியைப் பார்த்தார். இந்நேரம் டாக்ஸி வந்திருக்கும். டீச்சர் போய்விடுவார். ஏரி மட்டும் நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும், அதுதான் தாங்காது. ஒருவரே சுற்றினால் அந்த ஏரி முடியவே முடியாது.

மௌத் ஆர்கன் கை நழுவிக் கெட்டிலுக்குள் விழுந்தது.

டீக்கடைக்காரர் வருத்தப்படாமல் கரண்டியால் எடுத்துக் கொடுத்தார். அழுகிறவன் எதைச் செய்கிறோம் என்று தெரியாமல் செய்வானே, அப்படி நாகரத்தினம் அதை வாயில் வைத்து ஊதினார். பாலும் சர்க்கரையும் கலந்த ஒரு சா, கணீரென்று வந்தது. உள்ளே இருந்த மரச்சட்டம் எலும்பாய்க் காய்ந்தபடியே தொழிற்சாலையிலிருந்து வந்திருக்கிறது. மரத்துக்கும் தகட்டுக்கும் நடுவே காற்று ஒழுகியிருக்கிறது. தேநீரில் ஊறியதும் மரம் உப்பி இடுக்கை அடைத்துக்கொண்டது. நாக்கின் மேல் தப்பே இல்லை.

“ச்சா எஷே கெச்சே,” என்றார் ஹாபுதா, வந்துவிட்டதென்று. அன்று முதல் தடவையாக இருவரும் ஒரே விஷயத்தைப் பேசினார்கள்.

ஆட்டோவில் பாலிகஞ்சில் டீச்சர் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் மரத்தை மறுபடி காய வைத்திருந்தது. டாக்ஸியில் பெட்டிகள் ஏறிவிட்டன. டீச்சர் உள்ளே உட்கார்ந்திருந்தார். நாகரத்தினம் ஜன்னலோரம் நின்று ஊதினார். காற்று. இன்னொரு தடவை ஊதினார். காற்றுதான்.

“ஜேட்டு, டைம் ஆச்சு,” என்றான் கிரிதர், வங்காளத்தில் பெரியப்பா முறை வைத்து. “அப்புறமா ரெகார்ட் பண்ணி அனுப்புங்களேன். அம்மா ட்ரெயின்ல கேட்டுப்பா.”

நாகரத்தினம் அவனைப் பார்க்கவில்லை.

“டீச்சர், ச்சா வரல்ல,” என்றார்.

டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து கல்கத்தாவில் இருப்பவர். கதவைத் திறந்து இறங்கினார்.

“மனுஷர் இந்த வெயில்ல வந்து சா கேக்கறார். குடுக்காம எப்படிடா கிளம்பறது?”

அம்மாவுக்கு அன்றைக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று கிரிதர் இன்றும் நம்புகிறான். தேயிலை டப்பா எல்லாவற்றுக்கும் அடியிலிருந்த டிரங்குப் பெட்டியின் அடியில் இருந்தது. கேஸ் அடுப்பைக் கீழ்வீட்டு வங்காளி அம்மாளுக்குக் கொடுத்தாயிற்று. அதைத் திரும்ப வாங்கி வந்தார்கள். தண்ணீர் கொதிப்பதற்குள் டாக்ஸிக்காரர் தூங்கிவிட்டார். தேநீர் வந்ததும் நாகரத்தினம் மௌத் ஆர்கனை அதில் நன்றாக முக்கி எடுத்தார். கிரிதர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

பிறகு மோகனம் வாசித்தார். சா வந்தது. நின்றது. போய்விட்டு வேண்டுமிடத்தில் திரும்பி வந்தது. அவர் முடிக்கும்போது ரயில் அவர்கள் இல்லாமலே கரக்பூரைத் தாண்டியிருக்கும்.

டீச்சர் தேயிலை டப்பாவை எடுத்தார். பெட்டியில் வைக்கவில்லை. அடுக்களை அலமாரியில் பழைய இடத்தில் வைத்தார்.

“நாளைக்கும் சா வராதா சார்?”

“வராது டீச்சர்,” என்றார் நாகரத்தினம். “புதுசுல்லா. பழகுறதுக்கு நாளாவும்.”