தானாக எரியும் சரம்

எதிர்வீட்டு டயர்க்கடைக்காரருக்கு நூலகர் வைத்திருந்த பெயர் ஜெகஜோதி. அதை வீட்டுக்குள் மட்டும்தான் சொல்வார். நேரில் அந்த மனிதரிடம் பேசியதே இல்லை. கிறிஸ்துமஸ் நெருங்கினால் அந்த வீட்டுக்குப் பித்துப் பிடித்துவிடும். கூரையில் பச்சை, ஜன்னலில் ஊதா, செடிக்குச் செடி சிவப்பு. புல்தரையில் இரண்டு கம்பி மான்கள் எதையோ ஆமோதிப்பதுபோல ஓயாமல் தலையாட்டும். இருக்கிற இருட்டையெல்லாம் அடித்துத் துரத்திவிட்டு இவன் எதைத்தான் பார்க்கப்போகிறான் என்று நினைத்தபடி நூலகர் திரையை இழுத்துவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்புவார்.

இந்த வருஷம் அவரே சரவிளக்கு வாங்கவேண்டி வந்தது.

மகளுக்குத் துணிக்கடைகளின் கண்ணாடி ஜன்னல்களை அலங்கரிக்கும் வேலை. விளக்கு கட்டுவதும் அதில் சேர்த்தி. மார்ச்சில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "பொம்மைக்குச் சட்டை மாட்டுறதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டார். அதிகம் பேசுகிறவர் அல்ல. அந்த ஒன்றே போதுமாயிருந்தது. அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஒன்பது மாதம் கழித்து அம்மாவிடம் போனில் சொன்னாள்: "இருபத்துநாலாம் தேதி ஏழு மணி பஸ்ல வர்றேன். வாசல்ல அப்பா கையால போட்ட லைட் எரிஞ்சா இறங்குவேன். இல்லைன்னா அப்படியே தோழி வீட்டுக்குப் போயிடுவேன்."

விளக்குக் கடைக்காரர் எட்டு விதமாக மினுக்கும் சரத்தை எடுத்துப் போட்டார்.

"எரிஞ்சா போதும். கண்ணடிக்க வேண்டாம்," என்றார் நூலகர்.

இளமஞ்சள், மழை தாங்கும், ஒன்றே ஒன்று. தனி ஸ்விட்ச் கிடையாது. பிளக் பக்கம் பொத்தான் அளவு ஒரு கண் இருந்தது. இருட்டினால் தானாக எரியும், வெளிச்சம் பட்டால் தானாக அணையும். கடைக்காரர் கட்டைவிரலால் அதை மூடிக் காட்டினார், சரம் எரிந்தது. தான் விளக்குப் போடுவதை ஜெகஜோதி பார்க்க வழியில்லை என்பதுதான் நூலகருக்கு அதில் பிடித்துப்போனது.

இருபத்துநாலாம் தேதி மதியம் வேலிச் செடிமேல் சரத்தைப் படரவிட்டு, கண்ணைக் கேட் கம்பத்தில் கட்டினார். ஆறரைக்கு இருட்டியது. சரம் எரியவில்லை. ஆறே முக்காலுக்கும் எரியவில்லை. மான்களுக்கென்று ஜெகஜோதி அன்றுதான் மாட்டிய ராட்சத விளக்கு தெருவைத் தாண்டி வந்து இவர் கம்பத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சின்னக் கண்ணுக்கு இன்னும் பொழுது சாயவில்லை.

"என்னங்க, போய் அஞ்சு நிமிஷம் அணைக்கச் சொல்லுங்க," என்றாள் மனைவி.

"அவன்கிட்டயா?"

"பின்ன, மான்கிட்டயா?"

நூலகர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நானே போய்க் கேட்டுடுவேன். உங்க கையாலன்னு சொல்லியிருக்காளே," என்றாள் அவள்.

மணி ஏழாக மூன்று நிமிஷம். நூலகர் மெல்ல நடந்துபோய்க் கம்பத்தின் கண்மேல் உள்ளங்கையை வைத்தார். வேலி முழுக்க விளக்கு பூத்தது. கையை எடுத்தார், அணைந்தது. மறுபடி வைத்தார்.

எதிர்கேட்டில் ஜெகஜோதி வந்து நின்றார்.

"என்ன சார், கம்பத்துக்குக் காய்ச்சலா?"

நூலகர் வானத்தைப் பார்த்தார்.

"லைட்டு நல்லாத்தான் இருக்கு. என்ன, கொஞ்சம் சோகையா இருக்கு. ரெண்டு சரம் மிச்சம் கிடக்கு, தரட்டுமா?"

நூலகர் பல்லைக் கடித்தார். கையை மட்டும் எடுக்கவில்லை.

பஸ் வந்தது. ஜன்னலோரம் ஒரு முகம் சரத்தைப் பார்த்தது, பிறகு அவரைப் பார்த்தது. பஸ் நின்றது. மகள் பெட்டியோடு இறங்கிவந்து கம்பத்தையும் கையையும் தொழில்காரியின் கண்ணால் அளந்தாள்.

"கண்ணைத் தெருவைப் பாக்க வச்சிருக்கியேப்பா. வீட்டுப் பக்கம் திருப்பியிருந்தா தானா எரிஞ்சிருக்கும்."

அவர் தெருவையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுக்குத்தான் எங்கள மாதிரி ஆளுங்களக் கூப்பிடுறாங்க."

நூலகர் தலைகுனிந்தார். "பெட்டியைக் குடும்மா," என்று இரண்டு கையையும் நீட்டினார். வேலி இருண்டது. பதறிப்போய்க் கையைத் திரும்பக் கம்பத்தில் வைத்தார்.

"நீ அங்கேயே நில்லுப்பா. காலைல திருப்பிக் கட்டித் தர்றேன்," என்று பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு அவள் உள்ளே போனாள்.

எதிரே இரண்டு மான்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தன.