வந்தார், வந்தான்

பதிப்பகத்து அம்மா தொலைபேசியில் சொன்னது ஒரே ஒரு திருத்தம்தான். நாவலில் வரும் பெரிய மனிதரை ‘அவர்’ என்று எழுத வேண்டாம், ‘அவன்’ என்று எழுதுங்கள். “இது நாவலா, பாராட்டு விழாவா? அந்த ஆள் தும்மினாக்கூட ‘தும்மினார்’னு எழுதியிருக்கீங்களே” என்று சிரிப்பு வேறு.

எழுதியவள் ‘யோசிச்சுச் சொல்றேன்’ என்று போனை வைத்தாள். யோசிக்காமல் பின்னே? அந்த மனிதர் அவளுடைய அப்பா. பெயரை மாற்றி மீசையை எடுத்திருந்தாள், அவ்வளவுதான். ஆலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்றவர், அடுத்த அறையில்தான் இருக்கிறார். அவர் செருமினால் வீட்டில் டிவி சத்தம் இறங்கிவிடும். நாற்பது வயதில் இன்சூரன்ஸ் ஆபீசில் ஒரு கூட்டத்தையே கட்டி மேய்க்கிறவள், அவர் எதிரில் மட்டும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. நாவல் விஷயம் தெரிந்தால் திட்ட மாட்டார், பேச்சை நிறுத்திவிடுவார். அண்ணனோடு அப்படித்தான் நிறுத்தினார். இன்றுவரை ஒரு வார்த்தை கிடையாது.

கம்ப்யூட்டரில் ஒரேயடியாக மாற்றிப் பார்த்தாள். பாழாய்ப் போனது, ‘அவர்கள்’ எல்லாம் ‘அவன்கள்’ ஆகி, ‘அவன் சாப்பிட உட்கார்ந்தார்’ என்று வந்து நின்றது. ஒவ்வொரு வரியாகக் கையால்தான் திருத்தியாக வேண்டும்.

கதவைத் தாழிட்டுக்கொண்டு முதல் ‘வந்தான்’ அடித்தாள். அழித்துவிட்டு ‘வந்தார்’ போட்டாள். வெட்கக்கேடு! மறுபடி ‘வந்தான்’.

கொஞ்சம் பக்கங்கள் போனதும் ஒரு வேடிக்கை. ‘அவர் கத்தினார்’ என்றால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ‘அவன் கத்தினான்’ என்றால், ஏன்டா கத்தினே என்று கேட்கலாம். கேட்டாள். அவனும் சொன்னான். அவனுக்கும் பயம் இருந்தது, அவனுக்கும் ஒரு அப்பன் இருந்தான். அடி வாங்கிச் சாப்பிடாமலே தூங்கிப்போகும் பையனாக அவனை ஒரு பக்கம் புதிதாக எழுதினாள். அப்பா தன் சின்ன வயதைப் பற்றி வாயே திறந்ததில்லை. அந்தப் பக்கம் முழுக்க அவள் இட்டுக்கட்டியது. திருத்துவதில் இவ்வளவு சுகமா! ஆபீசில் இருக்கும்போதும் மனசு அடுத்த வரிக்கு ஓடியது. பயம் மட்டும் போகவில்லை. பயந்துகொண்டேதான் ருசித்தாள்.

அந்த நினைப்பிலேயே ஒரு நாள், அச்செடுத்த தாள்களை மேசைமேல் போட்டது போட்டபடி வேலைக்குப் போய்விட்டாள்.

திரும்பி வந்தால், அவள் நாற்காலியில் அப்பா. கையில் தாள்கள். கைப்பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. அண்ணன் கதிதான் தனக்கும் என்று முடிவே கட்டிவிட்டாள்.

அப்பா ஒரு தாளை உருவி நீட்டினார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“தூங்கிட்டான்னு எழுதியிருக்கே. தப்பு. அவன் தூங்கல.”

வாங்கிப் பார்த்தாள்: அடி வாங்கிய பையனைப் பற்றி அவள் இட்டுக்கட்டிய பக்கம்.

“அப்புறம் என்ன பண்ணான்?” என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்பாவை ‘பண்ணான்’ என்று, அதுவும் முகத்துக்கு நேரே!

அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

“கதவுக்குப் பின்னாடியே நின்னுட்டிருந்தான். யாராவது சாப்பிடக் கூப்பிடுவாங்கன்னு,” என்றார். “எழுதிக்கோ.”