டூர்லெய்ஃபுக்குப் பச்சை

பிப்ரவரியில் எங்கள் வடகோடி ஊரான ஹார்ஸ்டாடில் தெருவெல்லாம் ஐஸ். யாரும் நடப்பதில்லை, தேய்க்கிறோம். பாதத்தைத் தட்டையாக வைத்து, அடியைக் குறுக்கி, வாத்து மாதிரி. பூட்ஸின் அடியில் ஆணிப்பட்டையும் மாட்டிக்கொள்வோம். என் வீட்டுக்காரர் டூர்லெய்ஃப் மட்டும் எண்பது வயதிலும் நடுத்தெருவில் எட்டி எட்டி வைப்பார். ஆணிப்பட்டை கிழவர்களுக்காம்.

தெற்கேயிருந்து ஓர் ஆராய்ச்சிக் குழு வந்தது. முதியோர் மன்றத்தில் காபியும் வாஃபிளும் கொடுத்து, எங்கள் எல்லோர் இடுப்பிலும் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைக் கட்டினார்கள். நடையை அளந்து, யார் விழக்கூடும் என்று அது முன்கூட்டியே சொல்லுமாம். சில்யே என்ற பெண் பொறுப்பாளர். கெட்டிக்காரி, ஆனால் ஐஸைத் தம்ளரில்தான் பார்த்திருப்பாள் போலிருக்கிறது.

ஆராய்ச்சியில் பாதிக் காலம் முடிந்ததும் முதல் அறிக்கை வந்தது. அடி குறுகல், நடையில் தயக்கம் என்று மன்றம் முழுக்கச் சிவப்பு. டூர்லெய்ஃபுக்கு மட்டும் பச்சை. அதைக் கொண்டுவந்து குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார்.

"பாத்தியா யோருன்? விஞ்ஞானமே சொல்லுது. விழப்போறது நீதான்."

"யோவ், அந்த மெஷினுக்கு நம்ம ரோடு தெரியாதுய்யா. பட்டையை மாட்டு. நீ விழுந்தா என்னால தூக்க முடியாது."

"பச்சை வாங்குனவன் எதுக்கு விழறான்?"

அவருடைய அண்ணன் இப்படி விழுந்து, இடுப்பு எலும்பு உடைந்து முதியோர் இல்லத்துக்குப் போனவர். வீடு திரும்பவே இல்லை. எனக்கு அந்தப் பயம். அதைச் சொன்னால் மீன் குழம்பில் உப்பு போதவில்லை என்பார்.

இரண்டு நாள் கழித்துச் செய்தித்தாள் எடுக்கத் தபால்பெட்டிக்குப் போனார். சமையலறைக்குள் இருந்த எனக்கே சத்தம் கேட்டது. ஓடவில்லை, ஓடினால் நானும் விழுவேன். தேய்த்துக்கொண்டே போனேன். மல்லாந்து கிடந்தார், ஒரு கால் வேறு திசையில் இருந்தது.

அக்குளில் கைகொடுத்து இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. போன் செய்தால், ஆம்புலன்ஸ் வேறு ஊருக்குப் போயிருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள். கடல்காற்று ஊசியாகக் குத்தியது. என் கோட்டைக் கழற்றி அவர் மேல் போட்டேன். அவர் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. வேறு எதுவும் தோன்றவில்லை, காற்று வரும் பக்கமாக அவரை ஒட்டி ஐஸ் மேல் படுத்துக்கொண்டேன்.

"உள்ள போடி. நீயும் விறைச்சுப் போவே."

"வாயை மூடுய்யா."

"பட்டை போட்டிருந்தா பட்டையோட விழுந்திருப்பேன். அவ்வளவுதான்."

அந்த நிலையிலும் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலிருந்தது. கை மரத்திருந்ததால் தப்பித்தார்.

அறுவை சிகிச்சை முடிந்த மறுவாரம் ஆஸ்பத்திரிக்கே சில்யேயின் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"நடந்ததைக் கேள்விப்பட்டேன், ரொம்ப வருத்தமா இருக்கு. ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். ஒரே இடத்துல ரெண்டு பேருமே விழுந்ததா கருவி காட்டுதே. உங்களுக்கு அடி ஏதும் படலையே?"

"நான் விழலம்மா. படுத்தேன்."

"ஐஸ் மேலயா? எதுக்கு?"

டூர்லெய்ஃபின் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்கள் வேறு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சில்யேயே தொடர்ந்தாள். "படுத்தீங்கன்னு குறிக்க இதுல வழியில்லையே. விழுந்தாங்க, விழலை, ரெண்டுதான் இருக்கு. விழலைன்னு போட்டா கருவி ஒத்துக்காது."

"அப்ப விழுந்தேன்னே போட்டுக்கோ. எனக்கென்ன?"

டூர்லெய்ஃப் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். ஐம்பது வருஷத்தில் என் சமையலைக்கூட ஒருமுறை நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை இந்த மனுஷன்.

"இந்தா பொண்ணே, விழுந்தது நான். அவ விழல. காத்து என் மேல படாம குறுக்கே வந்து படுத்தா. அதை எழுத இடமில்லேன்னா, இடம் பண்ணி எழுது."

போனை என்னிடம் திருப்பி நீட்டினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. காபி வாங்கி வருகிறேன் என்று சொல்லி வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.