போகட்டும்னா என்ன அர்த்தம்?

என் வீட்டுக்காரர் வெல்டர். நுரையீரல் போயி, கடைசில ஆஸ்பத்திரியே கதின்னு ஆயிடுச்சு. மூச்சு வாங்கினாலும் வாய் மட்டும் குறையல.

அன்னிக்கு மத்தியானம் கொழுந்தன் வந்து வராண்டால நின்னாரு. அண்ணன் தம்பி பேசி வருஷக்கணக்காச்சு. மாமியாரப் பாத்துக்கறேன்னு கூட்டிட்டுப் போனவரு, ஒரு நாள் அவங்கள உள்ள வெச்சு வெளிய பூட்டிட்டுக் கல்யாணத்துக்குப் போயிட்டாரு. பாத்ரூம்ல வழுக்கி விழுந்த மனுஷி, கூப்பிட்டுக் கூப்பிட்டே போய்ச் சேந்துட்டாங்க. கேட்டதுக்கு எல்லாம் விதின்னாராம். அதுதான் இவர அறுத்துச்சு. விதியா பூட்டு போட்டுச்சு, அவன் கைதானே போட்டுச்சுன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு.

நாத்தனாருக்கு சாமி பக்தி ஜாஸ்தி. பகையோட செத்தா நரகம்தான், மன்னிச்சுடுண்ணேன்னு கெஞ்சிப் பாத்தா. இவரு சிரிச்சாரு, சிரிப்பு இருமலாயிடுச்சு.

"அவன மன்னிச்சாத்தான் சொர்க்கம்னா எனக்கு வேணாம். நரகத்துல நெருப்பு ஓசி. பட்டறை போட்டுப் பொழச்சுக்குவேன்."

அவ அழுதுக்கிட்டே கீழ போயிட்டா. எனக்குப் பொறுக்கல.

"அவர் கைதான் பூட்டுச்சு, சரி. இப்ப இந்தக் கதவு உங்க கைலதான இருக்கு? இதையும் விதி மேல போடுவீங்களா?"

இவரு வராண்டாப் பக்கம் பாத்தாரு. அப்புறம் கண்ண மூடிக்கிட்டு, "போகட்டும்"னாரு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நடந்தது போகட்டுமா, இல்ல வந்தவன் போகட்டுமா? ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான. எதுங்கன்னு கேட்டேன். ஆக்சிஜன் மாஸ்க்க இழுத்து மாட்டிக்கிட்டாரு.

வெளிய வந்தா, அண்ணன் என்ன சொன்னாருன்னு கொழுந்தன் கேட்டாரு. மன்னிச்சுட்டாருன்னு சொல்ல நாக்கு வரைக்கும் வந்துச்சு. ஆனா இவரு சொல்ல வேண்டியத நானா எப்படி சொல்றது? போகட்டும்னாருன்னு அப்படியே சொல்லிட்டேன். கொழுந்தன் மொகம் செத்துப் போச்சு. செருப்ப மாட்டிக்கிட்டுப் படி வரைக்கும் போனாரு, திரும்பி வந்தாரு.

"நான் அத எப்படி அண்ணி எடுத்துக்கறது?"

தெரியலைன்னேன். நெசமாவே தெரியல.

உள்ள போய்க் கால்மாட்டுல நின்னாரு. இந்தத் தடவ விதிங்கற பேச்சே எடுக்கல.

"நான்தாண்ணே பூட்டினேன்."

இவரு மொகத்தச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. காலை மட்டும் கொஞ்சம் ஒதுக்கினாரு. ஒக்காருன்னா, இல்ல மேல படாதன்னா? கொழுந்தன் அந்த எடத்துல மெல்ல ஒக்காந்தாரு. எழுந்து போன்னு இவரு சொல்லல.

சாயங்காலமே இவரு போயிட்டாரு. நாத்தனார் இன்னும் கேக்கறா, அண்ணன் இப்ப எங்க அண்ணி இருப்பாருன்னு.