சான்றில்லாத தகப்பன்

இந்தக் காலத்து ஜனங்களுக்குக் கண்ணெதிரே நிற்கிற ஆள்மேல் நம்பிக்கை கிடையாது. போனைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்து ஆளைப் பார்க்கிறார்கள். மழை பெய்கிறதா என்று ஜன்னலுக்கு வெளியே கை நீட்டுவதில்லை, அதற்கும் போன்தான். கிழவருக்கு இதில் ரொம்ப நாளாக எரிச்சல் உண்டு. அந்த வழக்கம் ஒருநாள் தன் உயிருக்கே உலை வைக்கும் என்று மட்டும் அவர் நினைத்திருக்கவில்லை.

அடையாள அட்டையை நகல் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தார். சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. கால்பந்து. கோல்கீப்பர் பக்கவாட்டில் பாய்ந்து பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தான். கடையில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

“என் பையன்” என்றார் கிழவர்.

கடைக்காரம்மா சிரித்துவிட்டாள். “அப்படியா ஐயா? அப்ப விசில் ஊதுறவரு உங்க மருமகனா?”

“பல்லைக் காட்டாதம்மா. என் பையன்தான்.”

அவள் கம்ப்யூட்டரில் தட்டினாள். இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறதாம். சம்பளம் கிம்பளம் இல்லாமல் ஊர்பேர் தெரியாத ஜனங்களே சேர்ந்து எழுதுவதாம். அதில் பையனுக்கென்று ஒரு பக்கம் இருந்தது. வாசித்துக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

“இவரோட அப்பா செத்துட்டாருன்னு போட்டிருக்கே ஐயா.”

“எவன் சொன்னான்?”

“அவரே பத்திரிகைல பேட்டி குடுத்திருக்காரு.”

“அப்ப இங்க நிக்கிறது யாரு, பேயா?”

எல்லோரும் சிரித்தார்கள். கடைக்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. அட்டையிலிருந்த பெயரையும் திரையிலிருந்த அப்பா பெயரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு டிவியில் தெரிந்த மூக்கையும் எதிரே நின்ற மூக்கையும் பார்த்தாள். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள்.

“உக்காருங்க. முழுசாப் படிக்கிறேன்.”

‘இவருடைய தந்தை செங்கல் லாரியில் சுமை இறக்கும் தொழிலாளி. லாரிமேல் நின்று அவர் எறிந்த கற்களைக் கீழே நின்று பிடித்ததில்தான் பந்து பிடிக்கப் பழகியதாக இவர் கூறியுள்ளார். இவரது சிறுவயதிலேயே தந்தை இறந்துவிட்டார்.’

“இன்னொரு தடவ படி.”

படித்தாள். மறுபடியும் படிக்கச் சொன்னார். கையை விறைப்பாக வைக்காதே, கல்லோடு சேர்ந்து கையும் இறங்க வேண்டும் என்று மேலேயிருந்து கத்தியது அவர்தான். அந்தப் பயல் இதையெல்லாம் எப்போதோ துடைத்துப் போட்டிருப்பான் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தார். ஒரு சண்டையில் அவர் கை நீட்டிவிட, பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். வந்தால் தானாக வரட்டும் என்று இவர் வீம்பாக இருந்தார். வரவில்லை. அவள் செத்த சேதிகூடக் காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் காதுக்கு வந்தது. எந்த முகத்தோடு போய் நிற்பது என்று தெரியாமல் அப்போதும் போகவில்லை.

“செத்துட்டார்ங்கறத மட்டும் மாத்திடும்மா. மத்தது அப்படியே இருக்கட்டும்.”

மாற்றினாள். அடுத்த ஆளுக்கு நகல் எடுத்துத் திரும்புவதற்குள் அவர் மறுபடி செத்திருந்தார். ‘சான்று இல்லாததால் நீக்கப்பட்டது’ என்று தும்பி என்ற பெயரில் ஒருவர் குறிப்புப் போட்டிருந்தார். இன்னொரு முறை உயிர் கொடுத்தாள். தும்பி இன்னொரு முறை எடுத்தார். கூடவே ஒரு கேள்வி: நீங்கள் இவருக்கு உறவினரா? ஆமென்றால் கட்டுரையில் கை வைக்காதீர்கள். உறவைச் சொல்லி, கட்டுரையோடு இணைந்த உரையாடல் பக்கத்தில் கோரிக்கை வையுங்கள்.

“சொந்தப் பிள்ளையப் பத்தித் தகப்பனுக்குத் தெரியாதாம். தும்பிக்குத் தெரியுமாம்!”

“தன் ஆளப் பத்தித் தானே எழுதினா ஒரு பக்கமா சாஞ்சிடும்னு பயப்படறாங்க ஐயா. அதுவும் நியாயந்தானே? விட்டா, எதிர்த்தெரு பல் டாக்டர் தன்னை உலகப் புகழ்னு எழுதிக்குவாரு.”

“நான் என்ன புகழா கேட்டேன்? மூச்சு விடுறேன்னு எழுதச் சொன்னேன்.”

முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அவர் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். நான் இவனுடைய அப்பா. சாகவில்லை. இப்போது ஒரு கிடங்கில் வாட்ச்மேன். மூட்டு வலியைத் தவிர வேறு குறை இல்லை.

ரெண்டு நாள் கழித்து வேலைக்குப் போகிற வழியில் போனார். கடைக்காரம்மா முகம் சரியில்லை.

“தும்பி என்ன சொல்லுது?”

“உண்மையச் சொன்னதுக்கு நன்றி சொல்லியிருக்காரு. உயிரோட இருக்கறவரப் பத்திச் சந்தேகமான சேதி எதுவும் இருக்கக்கூடாதாம். அதனால அப்பா பத்தின பகுதி மொத்தத்தையும் எடுத்துட்டாரு.”

“மொத்தத்தையும்னா?”

“செங்கல்லையும் சேத்துத்தான்.”

கிழவர் திரையைப் பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படிக்க அவருக்கு நேரமாகும். பையன் ஏதோ ஒரு கிளப்பில் சேர்ந்ததிலிருந்துதான் இப்போது பக்கம் தொடங்கியது. அதற்குமுன் அவனுக்கு ஆளே இல்லை. வானத்திலிருந்து குதித்தவன் மாதிரி.

“செங்கல் பொய்யில்லையேம்மா.”

“ரெண்டும் ஒரே பேட்டி ஐயா. அதுல ஒண்ணு தப்புன்னா இன்னொண்ண எப்படி நம்பறதுன்னு கேக்கறாரு.”

“நான் சொல்றேன், நம்பச் சொல்லு.”

“நீங்க அப்பாவாச்சே. உங்க சாட்சி செல்லாது.”

கிழவர் முக்காலியில் உட்கார்ந்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல் உரசிக் காய்த்துப்போன இடம் இன்னும் மறையவில்லை.

“சரி. நான் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன். பழையபடி போடச் சொல்லு.”

“ஐயா!”

“அடிம்மா. அதுல செத்திருந்தாலும் அவனுக்கு அப்பாவா இருந்தேன்.”

அடித்தாள். தும்பி அப்போது இணையத்தில்தான் இருந்தார் போலும். பதில் உடனே வந்தது. ‘மன்னிக்க வேண்டும் ஐயா. உயிரோடு இருப்பதாக நீங்களே சொன்ன பிறகு உங்களை இறந்தவர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. விதியும் இடம் தராது. உங்கள் மகன் எங்காவது பொதுவில் சொல்லட்டும். அன்றைக்கே எல்லாவற்றையும் சேர்த்துவிடுகிறேன்.’

“நல்ல மனுஷன்தான் ஐயா” என்றாள் கடைக்காரம்மா. “கிளப்புக்கு ஒரு போன் போடட்டுமா?”

“போட்டு? ‘உங்க அப்பா சாகலியாம், ஒரு சான்று குடுங்க’ன்னு கேப்பியா?”

அவள் கையிலெடுத்த போனைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “நீங்க சொன்னத நான் அடிச்சது உரையாடல் பக்கத்துல அப்படியேதான் இருக்கும். என்னைக்காவது அவரு பாப்பாரு. தன்னப் பத்தி என்ன எழுதியிருக்குன்னு பாக்காதவங்க யாரு?”

“பாப்பாங்கறியா?”

“பாப்பாரு.”

கிழவர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். ஆறுதலுக்குச் சொல்கிறாளா, தெரிந்து சொல்கிறாளா என்று பிடிபடவில்லை. இந்தப் பெண்ணுக்கு இளகிய மனசு. இளகிய மனசுக்காரர்கள் சொல்வதை அவர் என்றைக்கும் நம்பியதில்லை.

“தகப்பன்னு சொன்னதால தகப்பன் இல்லேன்னு ஆச்சு. இது என்ன சட்டமோ” என்றபடி எழுந்தார்.

“நாளைக்கு வாங்க ஐயா, யாராவது ஏதாவது எழுதியிருக்காங்களான்னு பாப்போம்.”

“ஒருத்தனும் எழுத மாட்டான்.”

வாசற்படியில் இறங்கும்போது தூணைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி நின்றார். அவள் இன்னும் ஏதாவது சொல்வாளோ என்று காது கொடுத்தார். உள்ளே மெஷின் ஓடத் தொடங்கியது. அவர் தலையை ஆட்டிக்கொண்டே கிடங்கு இருந்த பக்கமாக நடந்தார்.