கடைசி அடிக்கு முன்

கச்சேரியின் மூன்றாம் பகுதி முடிந்து கைதட்டல் ஓய்ந்தபோதுதான் உமாமகேஸ்வரி அவனைப் பார்த்தாள்.

மேடையில் எல்லோருக்கும் பின்னால், எல்லோரையும்விட உயரத்தில் அவள் இடம். சோற்று அண்டா போன்ற நான்கு செப்பு முரசுகள் அவளை அரைவட்டமாகச் சூழ்ந்திருந்தன. டிம்பனி என்று பெயர். அங்கிருந்து பார்த்தால் மண்டபம் ஊரின் கடற்கரை மொத்தமும் தெரியும். முன்னால் பெரிய மனிதர்களின் சோபாக்கள், அதற்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள், அதற்கும் பின்னால் மணலில் சப்பணமிட்ட ஜனம். இடது ஓரத்தில், கரையேற்றி நிறுத்திய ஒரு நாட்டுப் படகு.

அந்தப் படகை ஒட்டி வெள்ளை வேட்டியில் ஒருவன் நின்றான். இடது கையை முழங்கையிலிருந்து விரல்வரை துண்டால் சுற்றியிருந்தான்.

அடிபட்ட கையை யாரும் அப்படி விறைப்பாகத் தொங்கவிட மாட்டார்கள். துண்டுக்குள் கையோடு சேர்ந்து வேறு ஏதோ இருந்தது. நீளமாக. நுனியில் கொஞ்சம் வளைந்து.

அண்ணன். யோகேஸ்வரன்.



இரண்டு வருஷத்துக்கு முன் பதிவுத் திருமணம் முடிந்து வெளியே வந்தபோது அவளுக்கு ஒரு போன் வந்தது. சொந்த ஊரான உத்தரகோசமங்கையிலிருந்து அண்ணன்தான் பேசினான். கத்தவில்லை, திட்டவில்லை. "ராம்நாடு ஜில்லாக்குள்ள அவன் காலு பட்டா, பட்ட எடத்துலயே பொதச்சிருவேன். ஒனக்காகச் சொல்லல. என் நிம்மதிக்குச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

அவன் என்பது இமானுவேல். தங்கச்சிமடத்து மீனவ வீட்டுப் பிள்ளை. மாதா கோயில் பேண்டில் டிரம்பெட் ஊதக் கற்று, சென்னைக்கு வந்து, அவளிருந்த இசைக்குழுவிலேயே சேர்ந்தவன். இந்தக் கச்சேரிக்கு வரவேண்டாம் என்று அவள் மன்றாடிப் பார்த்தாள். "எங்க ஊரு கடக்கரையில வாசிக்கிறதுக்கு எவன்கிட்ட பெர்மிசன் கேக்கணும்?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்போடு அவன் படம் போட்ட போஸ்டர் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒரு வாரமாக ஒட்டிக் கிடக்கிறது.

"ஒம் மாப்ளையப் பாருடி" என்று பக்கத்தில் யுவராணி கிசுகிசுத்தாள். பரமக்குடிக்காரி, ஜால்ராவின் பெரியப்பா மாதிரி இருக்கும் இரண்டு பித்தளைத் தட்டுகளை மோதுவது அவள் வேலை. "கல்யாண போட்டோவுக்கு நிக்கிறவரு மாதிரி எந்திரிச்சுப் போறாரு."

இமானுவேல் டிரம்பெட்டோடு மேடையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தான். எங்கே போகிறான் என்று உமாவுக்குத் தெரியும். கடைசிப் பகுதியில் ஒரே ஒரு டிரம்பெட் மட்டும் தூரத்திலிருந்து கூப்பிட வேண்டும். மேடை அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தத் தூரத்துக்கு நடத்துநர் ஹமீதா பானு தேர்ந்தெடுத்த இடம் அந்தப் படகு.

நேற்றுச் சாயங்காலம் ஒத்திகையின்போது படகுக்காரர் ஹமீதாவிடம் கேட்டிருந்தார். "அறுவது பேரு உசுரக் குடுத்து வாசிக்கிறாக. நீங்க சும்மா குச்சிய ஆட்டுறீக. ஒங்களுக்கும் சம்பளம் உண்டா தாயி?"

கீழக்கரைக்கார ஹமீதா விடவில்லை. "நான் ஆட்டலேண்டா அறுவது பேரும் அடிச்சுக்கிடுவாக அண்ணே. அதுக்குத்தான் சம்பளம்."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு கச்சேரியின் முடிவைச் செய்து பார்த்தார்கள். டிம்பனியின் கடைசி அடி விழுந்த அதே நொடியில் எல்லா விளக்கும் அணையும். இருட்டில் டிரம்பெட்டின் ஒரே ஒரு சுரம் மட்டும் நீண்டு, தேய்ந்து, அடங்கும். வேடிக்கை பார்த்த கூட்டம் 'ஓ' என்று வாய் பிளந்தது. அந்தக் கூட்டத்தில் அண்ணனும் நின்றிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இத்தனை பெரிய கடற்கரையில் சரியாக அந்தப் படகடியில் வந்து நிற்பானா?

இருட்டுக்குக் காத்திருக்கிறான். அந்த இருட்டை உண்டாக்கப் போவது அவள் கை.

ஹமீதா குச்சியை உயர்த்தினாள்.

கனத்த குரல் கொண்ட தந்தி வாத்தியங்கள் உறுமத் தொடங்கின. புயலுக்கு முந்தைய கடல் போல, சத்தமே இல்லாத மாதிரி ஒரு சத்தம். இமானுவேல் படகின் முன்முனையில் ஏறி நின்றான். வட்ட வெளிச்சம் அவன்மேல் விழுந்தது. அந்த வெளிச்சத்தின் விளிம்பில், அவன் கால்களுக்குக் கீழே, வெள்ளை வேட்டி.

"யுவா" என்றாள் உமா, உதடு அசையாமல். "படகுக்குக் கீழ. கையில துண்டு சுத்தியிருக்கறது."

"யாரு?"

"எங்கண்ணன்."

யுவராணிக்குக் கதை தெரியும். "ஆத்தி! நிறுத்தச் சொல்லிரவா?"

"நிறுத்துனா கூட்டம் எந்திரிக்கும். எந்திரிச்சா அவனுக்கு வசதியாப் போயிரும். இப்ப ஊரே அவரத்தான் பாக்குது. வாசிக்கிறவரைக்கும் ஒண்ணும் நடக்காது."

"வாசிச்சு முடிச்சா?"

யுவராணி தன் தட்டுகளைப் பார்த்தாள். கடைசியில், எல்லாம் உச்சிக்குப் போகிற இடத்தில் ஒரே ஒரு மோதல். மூன்று மாதம் அதற்காகத் தவம் கிடந்தவள். தட்டுகளைச் சத்தமில்லாமல் நாற்காலியில் வைத்தாள்.

"போலீஸ்காரரு எங்கனயாச்சும் நிப்பாரு. நான் போறேன். நீ கைய விட்றாத."

மேடையின் பின்படியில் இறங்கி மறைந்தாள்.

படகிலிருந்து டிரம்பெட் கூப்பிட்டது.

அந்தக் குரலைக் கேட்டதும் மணலில் இருந்த ஜனம் ஒரே ஆளாகத் திரும்பியது. கரையில் நின்று கடலுக்குள் போனவனைப் பெயர் சொல்லி அழைக்கிற குரல். மேடையிலிருந்து வயலின்கள் பதில் சொல்லின. மறுபடி கூப்பிட்டது. இந்த முறை பதில் பெரிதாக வந்தது. வயலினுக்கு மேல் குழல், குழலுக்கு மேல் கொம்பு, அலைமேல் அலையாக. உமா முரசில் கை வைத்தாள். முதல் உருட்டல் அவள் மணிக்கட்டிலிருந்து புறப்பட்டு மேடைப் பலகை வழியாக மணலுக்குள் இறங்கியது.

அதுவரை கடலை கொறித்துக்கொண்டும் போனில் படம் எடுத்துக்கொண்டும் இருந்தவர்களின் கைகள் தாமாக இறங்கின. ஒரு மீன்காரம்மா கூடையைக் கட்டிப்பிடித்தபடி எழுந்து நின்றாள். டீ விற்றவர் கேனோடு சிலையானார். சோபாவில் இருந்த பெரிய மனிதர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, துடைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். இதுவரை இப்படி ஒன்றைக் கேட்டிராத ஜனம். அறுபது பேர் ஒரே மூச்சாக மேலே ஏறும்போது கேட்பவன் நெஞ்சையும் சேர்த்துப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறுவார்கள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

உமா மட்டும் ஒரே ஒருவனைப் பார்த்தாள்.

அவன் இமானுவேலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, உருட்டல் ஏற ஏற, கழுத்து மெல்லத் திரும்பியது. மேடையைப் பார்த்தான். முரசைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

அண்ணனுக்குக் கொட்டு என்றால் உயிர். குலசாமிக்குக் களரி என்று திருவிழா எடுக்கும் நாளில் உறுமி மேளம் ஏறி ஏறி உச்சிக்குப் போய்ச் சட்டென்று நிற்கும். அப்படி நின்ற அந்தக் கணத்திலேயே அவர்கள் வீட்டுத் தலைமகன் தோளில் கிடக்கும் துண்டை உருவி, உயர்த்திக் காட்டி, கொட்டுக்காரருக்குப் போர்த்த வேண்டும். யோசிக்க நேரம் கிடையாது. பிந்தினால் சாமி மலையேறிவிடும். துண்டு உயர்ந்துவிட்டால் கொட்டுக்காரர் அடித்தே ஆக வேண்டும். அய்யா இருந்தவரை அய்யா செய்தார். அவர் போன பிறகு யோகேஸ்வரன். பெண்கள் பக்கத்தில் நின்று தொடையில் தாளம் போட்ட தங்கையை உற்றுப் பார்த்தவனும் அவன்தான். "பொம்பளப் பிள்ள கொட்டக் கூடாதுன்னு எந்தச் சாமிடா சொல்லுச்சு?" என்று பங்காளிகளோடு மல்லுக்கு நின்று அவளைச் சென்னைக்குப் படிக்க அனுப்பியவனும் அவனே. அவள் வாசித்து அவன் கேட்டதில்லை. கேட்கிற நாள் வருவதற்குள் அவள் இமானுவேலோடு போய்விட்டாள்.

இன்று முதல்முறையாகக் கேட்கிறான். கையில் அரிவாளோடு.

கூட்டத்தின் விளிம்பில் யுவராணியும் ஒரு போலீஸ்காரரும் தெரிந்தார்கள். நெருக்கியடித்து நின்ற ஜனத்துக்குள் முண்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் வழிவிடவில்லை. திரும்பிப் பார்க்கவே யாரும் தயாராக இல்லை. படகு இன்னும் வெகுதூரம்.

உச்சி நெருங்கியது. ஹமீதாவின் இரண்டு கைகளும் வானத்தைக் கிழிப்பது போல் உயர்ந்தன. உமா அடித்தாள். பயத்தை அடித்தாள், இரண்டு வருஷ மௌனத்தை அடித்தாள், கீழே நிற்கிறவன் காதுக்குள் நேராகப் போகும்படி அடித்தாள். முடியக் கூடாது, இது முடியவே கூடாது என்று மனசு கதறியது. கை மட்டும் முடிவை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

ஹமீதாவின் முஷ்டி மூடியது.

நின்றது. அறுபது வாத்தியமும் ஒரே வெட்டில் நின்றன.

முடிவு அல்ல. முடிவுக்கு முந்தைய நிசப்தம். அடுத்த அசைவில் ஒரே ஒரு அடி, அதோடு இருட்டு. ஜனம் மூச்சுவிடவில்லை. அலைகூடக் கரைக்கு வராமல் யோசிப்பது போலிருந்தது.

அப்போது அண்ணனின் வலது கை எழும்பியது.

தோளுக்குப் போனது. தோளில் துண்டு இல்லை. கை அங்கே ஒரு கணம் தடவியது. பிறகு இடது கைக்கு வந்து, சுற்றியிருந்த துண்டை ஒரே இழுப்பாக உருவி, தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தது. மேடையைப் பார்த்து. அவளைப் பார்த்து.

ணங்!

துண்டுக்குள் இருந்தது படகடியில் கிடந்த இரும்பு நங்கூரத்தின்மேல் விழுந்தது. யுவராணியின் தட்டு மோதாமல் போன குறையைத் தீர்ப்பது போல அந்த நிசப்தம் முழுக்க அது ஒலித்தது. ஆயிரம் தலைகள் திரும்பின. இமானுவேல் குனிந்து பார்த்தான். கால்மாட்டில் அரிவாள். அதற்குப் பக்கத்தில் துண்டை ஏந்தியபடி மச்சான்.

தான் என்ன செய்தோம் என்று அப்போதுதான் யோகேஸ்வரனுக்கே உறைத்தது. கையிலிருந்த துண்டை அண்ணாந்து பார்த்தான். கீழே கிடந்ததைக் குனிந்து பார்த்தான். ஆனால் உயர்த்திய கையை இறக்கவில்லை.

ஹமீதாவின் குச்சி அந்தரத்தில் நின்றது. அவள் உமாவைப் பார்த்தாள். கை காட்டட்டுமா, விடட்டுமா?

அடித்தால் இருட்டு. குனிந்தால் எட்டுகிற தூரத்தில் அரிவாள்.

துண்டு உயர்ந்துவிட்டால் கொட்டுக்காரர் அடித்தே ஆக வேண்டும்.

உமா தலையசைத்தாள். குச்சி இறங்கியது. அவள் அடித்தாள்.

இருட்டு விழுந்தது.

அந்த ஒற்றை அடி கடல்மேல் உருண்டு போய்க்கொண்டிருக்கும்போதே, படகிலிருந்து டிரம்பெட் கிளம்பியது. உமா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஊதுகிறான். ஊதுகிறவரைக்கும் உயிரோடு இருக்கிறான். சுரம் நீண்டது. நடுவில் ஒருமுறை பிசிறி அறுந்தது. மறுபடி தொடங்கியது. மெலிந்தது. இன்னும் மெலிந்தது. அடங்கியது.

ஒன்றுமில்லை. அலைச்சத்தம் மட்டும்.

விளக்கு வந்தபோது உமா மேடையில் இல்லை. ஜனம் எழுந்து நின்று செய்த ஆரவாரத்துக்குள், சேலை முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, தடுமாறி, விழுந்து, எழுந்து ஓடினாள்.

இமானுவேல் படகிலேயே நின்றிருந்தான். உதட்டோடு டிரம்பெட்டைப் பிடித்தபடி, கழுத்து நரம்பு தெறிக்க. கீழே யுவராணி அரிவாளைச் செருப்புக்காலால் மிதித்துக்கொண்டு இரைக்க இரைக்க நின்றாள். போலீஸ்காரர் யோகேஸ்வரனின் சட்டைக் காலரைப் பிடித்திருந்தார். பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. அவன் மணலில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். முகம் முழுக்க நனைந்திருந்தது.

"அண்ணே" என்றாள்.

துண்டை நீட்டினான். "போத்தி விடத்தான் வந்தேன்னு நெனச்சுக்கிட்டியா? இல்ல பிள்ள. வெட்டத்தான் வந்தேன்."

"தெரியும்ணே" என்றபடி துண்டை வாங்கிக்கொண்டாள்.

"அய்யா இருந்திருந்தா இதக் கேட்டுட்டு நிம்மதியாச் செத்திருப்பாரு." மூக்கை உறிஞ்சினான். "கையி அதுவாப் போச்சு. நான் ஒண்ணும் நெனைக்கல."

போலீஸ்காரர் தூக்கினார். "ஏலே, எந்திரி. பேசுனது போதும். ஸ்டேஷன்ல வந்து அழு."

எழுந்தவன் இரண்டடி போய்த் திரும்பினான். பார்வை அவளைத் தாண்டிப் படகின்மேல் இருந்தவனிடம் போய் நின்றது. கண்ணில் ஈரம் காயவில்லை. ஆனால் அந்த ஈரத்துக்கு அடியில் பழையது ஏதோ மெல்லப் புரண்டு படுத்தது.

"எம்புட்டு நாளு உள்ள வச்சிருப்பாகன்னு தெரியல. வெளிய வாரப்ப இந்தச் சத்தம் என் காதுல இருக்குமா, போயிருமான்னு எனக்கே தெரியல உமா. அவனக் கூட்டிக்கிட்டு இப்பவே ஜில்லாவ விட்டு, ஊர விட்டு, தூரமாப் போயிரு. நான் கேட்டா எடம் சொல்லாத. அழுது கேட்டாலும் சொல்லாத."

அவனை ஜீப்புக்குக் கூட்டிப் போனார்கள். கைதட்டல் இன்னும் ஓயவில்லை. மேடையில் ஹமீதா கைகூப்பி நின்றாள். நடந்தது பாதிப் பேருக்குத் தெரியாது. இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துச் சிலர் படகைப் பார்த்தும் கைதட்டினார்கள்.

இமானுவேல் இறங்கி வந்து அவள் தோளைத் தொட்டான். "குளுருதா? அந்தத் துண்டப் போத்திக்க."

உமா துண்டை விரித்தாள். சிவப்புக் கரை போட்ட, அய்யா காலத்துத் துண்டு. நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு அறுந்திருந்தது. இழுத்து உருவியபோது கத்திமுனை பட்டிருக்கிறது. ஒரு நூல்கூடப் பிசிறில்லாத வெட்டு. இன்று காலையில்தான் சாணை பிடித்திருக்க வேண்டும்.

அவள் அதைப் போர்த்திக்கொள்ளவில்லை. நான்காய் மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். "நாம வந்த வேன இப்பவே கெளப்பச் சொல்லுங்க" என்றாள்.